ஆறு கரண்ட் பில்கள்

2019 மே மாதக் கடைசியில் எங்கள் மடிப்பாக்கம் வீட்டு மாடிப் போர்ஷனைக் காலி செய்த குடும்பம் வண்டியில் கடைசியாக ஏற்றியது மூன்று நீல டிரம்களை. குடிவந்தபோது அவர்களிடம் டிரம் எதுவும் இல்லை. எல்லாம் அந்தக் கோடையில் வாங்கியவை. "வீடு பிடிச்சிருக்கு ஆன்ட்டி. உங்களையும் பிடிச்சிருக்கு. ஆனா ரெண்டு சின்னப் பசங்களை வச்சுக்கிட்டு தண்ணி இல்லாம முடியல" என்று அந்தப் பெண் கண் கலங்கிச் சொன்னாள். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. போர் வற்றி ஐந்து வாரம் ஆகியிருந்தது.

அந்த வருடத்தைச் சென்னையில் இருந்தவர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நாலு ஏரியும் தரை தெரியக் கிடந்தன. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது, ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர். எங்கள் தெருவுக்கு வந்ததெல்லாம் தனியார் லாரிதான். 12,000 லிட்டருக்கு 4,500 ரூபாய் கொடுத்தேன். அதற்கும் முதல் நாளே சொல்லிவைத்து, ராத்திரி பதினோரு மணிக்குக் கேட்டைத் திறந்து வைத்துக் காத்திருக்க வேண்டும்.

வேலைக்காலம் முழுவதும் கணக்குப் பிரிவில் இருந்தவள் நான். ஓய்வு பெற்ற பிறகும் வீட்டுக்கென்று ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். அந்த வருடப் பக்கம் இப்படி இருக்கிறது: மாடிப் போர்ஷன் ஜூன் முதல் செப்டம்பர் வரை காலி, 16,000 வீதம் 64,000 ரூபாய். புரோக்கருக்கு ஒரு மாத வாடகை 16,000. வெள்ளையடித்தது 22,000. லாரித் தண்ணீர் ஒன்பது நடை, 40,500. மொத்தம் 1,42,500 ரூபாய். இரண்டு போர்ஷனுக்கும் சேர்த்து வருட வாடகை 3,60,000 வர வேண்டியது. ஐந்தில் இரண்டு பங்கு அப்படியே போய்விட்டது.

பசுமைக் கட்டடம், அதாவது மின்சாரமும் தண்ணீரும் குறைவாகச் செலவாகும்படி கட்டுவது, எனக்கு அந்தப் பக்கத்திலிருந்துதான் தொடங்கியது. புவி வெப்பமடைவதைப் பற்றி நானும் படித்திருக்கிறேன், கவலையும் உண்டு. ஆனாலும் வாடகையை நம்பி வாழ்கிற ஒருத்திக்கு முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. இது கட்டுபடியாகுமா? கட்டுபடியாகும் என்று இப்போது என்னால் சொல்ல முடியும். ஆனால் விளம்பரங்கள் சொல்கிற காரணத்தால் இல்லை.

2021-ல் அப்பா கட்டிய பழைய வீட்டை இடித்தோம். தரைத்தளத்தில் எங்கள் வீடும் வண்டி நிறுத்தும் இடமும், மேலே இரண்டு மாடியில் தலா இரண்டு வாடகை வீடு என்று திட்டம். பசுமைச் சான்றிதழ் வாங்கித் தரும் ஆலோசகர் ஒருவரைச் சந்தித்தேன். நன்றாகவே விளக்கினார். நம் நாட்டில் முக்கியமாக மூன்று வழி இருக்கிறது. இந்தியத் தொழில் கூட்டமைப்பு 2001-ல் தொடங்கிய ஐ.ஜி.பி.சி. என்ற இந்தியப் பசுமைக் கட்டட மன்றத்தின் தரமதிப்பீடு ஒன்று. எரிசக்தி ஆய்வு நிறுவனமான டெரியும் மத்திய புதிய, புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகமும் சேர்ந்து உருவாக்கிய கிரிஹா இன்னொன்று. உலக வங்கிக் குழுமத்தைச் சேர்ந்த ஐ.எஃப்.சி.யின் எட்ஜ் மூன்றாவது. அப்போது எட்ஜ் கேட்டது எளிமையானது. மின்சாரம், தண்ணீர், கட்டுமானப் பொருளுக்குள் அடங்கிய ஆற்றல் ஆகிய மூன்றிலும் வழக்கமான கட்டடத்தைவிடக் குறைந்தது 20 சதவீதம் மிச்சம் காட்ட வேண்டும்.

கட்டணம், ஆலோசனை, கணினியில் போட்டுப் பார்க்கும் ஆய்வு, ஆவணங்கள் எல்லாம் சேர்த்து அவர் சொன்ன தொகை 3,40,000 ரூபாய். "சான்றிதழ் இருந்தா வாடகை கூடுதலா கேக்கலாம் மேடம்" என்றார். யாரிடம் கேட்பது என்பதுதான் என் யோசனையாக இருந்தது. மடிப்பாக்கத்தில் வீடு தேடி வருகிறவர்கள் செல்போனில் வாடகை, அட்வான்ஸ், கார் நிறுத்த இடம் இவற்றைப் பார்த்துத்தான் வடிகட்டுகிறார்கள். 18,000 ரூபாய்க்கு ஒரு வீடும் 19,500 ரூபாய்க்கு ஒரு வீடும் இருந்தால் இரண்டாவது வீடு அவர்கள் கண்ணிலேயே படாது.

எங்கள் மேஸ்திரி இதை இன்னும் நேராகச் சொன்னார். மொட்டை மாடியில் தட்டோட்டுக்குப் பதில் வெப்பத்தடுப்பு போட்டு வெள்ளை கூலிங் டைல்ஸ் பதிக்க வேண்டும் என்றதும் அவர் கேட்டது: "வாடகை வீடும்மா இது. கரண்ட் பில்லு குடிவர்றவங்க கட்டப் போறாங்க. உங்களுக்கு என்ன வரப்போகுது?"

இந்த விஷயத்தின் முழுச் சிக்கலும் அந்த ஒரு கேள்வியில் இருக்கிறது. சொந்த வீட்டில் கூரைக்குச் செலவழிக்கிறவரும் பில் கட்டுகிறவரும் ஒரே ஆள். வாடகை வீட்டில் செலவு ஹவுஸ் ஓனருடையது, மிச்சம் குடியிருப்பவருடையது. அதனால் ஓனர் செலவழிக்க மாட்டார். குடியிருப்பவரும் பதினொரு மாத ஒப்பந்தத்தில் இருந்துகொண்டு அடுத்தவர் கூரைக்கு டைல்ஸ் போட மாட்டார். இருவரும் அவரவர் அளவில் சரியாகத்தான் நடந்துகொள்கிறார்கள். வீடு மட்டும் வெந்துகொண்டே இருக்கும்.

ஜெர்மனியில் இதைச் சட்டத்தால் அவிழ்க்கப் பார்த்திருக்கிறார்கள். அங்கே வீட்டைச் சூடாக்கும் எரிபொருளுக்குக் கார்பன் கட்டணம் உண்டு. 2022 வரை அது முழுக்கக் குடியிருப்பவர் தலையில் இருந்தது. 2023 ஜனவரி 1 முதல் கட்டடத்தைப் பத்துப் படியாகப் பிரித்து, வெப்பத்தை மிக மோசமாக வீணடிக்கும் கட்டடத்தில் அந்தக் கட்டணத்தின் 95 சதவீதத்தை உரிமையாளரே ஏற்க வேண்டும் என்று ஆக்கினார்கள். மிக நல்ல கட்டடமென்றால் உரிமையாளர் ஒன்றும் தர வேண்டாம். இங்கிலாந்தில் வேறு வழி. 2018 ஏப்ரல் முதல், ஆற்றல் தரச் சான்றில் ஈ நிலைக்குக் கீழே உள்ள வீட்டைப் புதிதாக வாடகைக்கு விட முடியாது, சில விலக்குகள் தவிர. இரண்டு இடத்திலும் சட்டம் உரிமையாளரின் சட்டைப்பையைத் தொட்டது. நமக்கு அப்படிச் சட்டம் எதுவும் இல்லாததால் நான் என் நோட்டைத்தான் நம்ப வேண்டியிருந்தது.

சான்றிதழை விட்டுவிட்டேன். அதில் சொல்லப்பட்ட வேலைகளில் எங்கள் வீட்டுக்குப் பொருந்துவதை மட்டும் எடுத்துக்கொண்டேன். வழக்கமான கட்டுமானச் செலவுக்கு மேல் கூடுதலாக ஆனது இது. கூரைக்கு 95,000. மேற்குச் சுவரை வெப்பத்தை எளிதில் உள்ளே விடாத ஏ.ஏ.சி. பிளாக்கில் (காற்றுக் குமிழ் நிறைந்த எடை குறைந்த கல்) கட்டி, அந்தப் பக்கத்து ஜன்னல்களுக்கு மேல் சன்ஷேடை அகலமாக இழுத்தது 70,000. நாலு வீட்டுக்கும் பதினாறு பி.எல்.டி.சி. ஃபேன் (குறைந்த மின்சாரத்தில் ஓடும் மோட்டார் வைத்தது), சாதா ஃபேனைவிட அதிகமானது 22,400. மழைநீரை வடிகட்டி சம்புக்கு அனுப்பும் குழாயும் இரண்டு உறைகிணறும் 85,000. வீட்டுக்கு ஒரு தண்ணீர் மீட்டர், குழாய் வாயில் காற்று கலக்கும் வலை, இரண்டு அளவு ஃப்ளஷ் எல்லாம் 38,000. கூட்டினால் 3,10,400 ரூபாய். சான்றிதழுக்குக் கேட்ட தொகையைவிடக் குறைவு.

இதில் ஃபேன் கணக்கைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை. கேட்பவர்கள் எல்லாரும் சோலாரைப் பற்றியே கேட்கிறார்கள். உண்மையில் வாடகை வீட்டில் மிகக் குறைந்த செலவில் மிக அதிகப் பலன் தருவது தலைக்கு மேல் சுற்றுகிற இந்த ஃபேன்தான்.

சாதா சீலிங் ஃபேன் 75 வாட் இழுக்கும். பி.எல்.டி.சி. 30 வாட். வித்தியாசம் 45 வாட். ஒரு வீட்டில் நாலு ஃபேன், சராசரியாகப் பன்னிரண்டு மணி நேரம் ஓடுகிறது என்றால் ஒரு நாளைக்கு 2.16 யூனிட். நம் மின் வாரியம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுக்கிறது, ஆகவே ஒரு பில்லுக்கு ஏறக்குறைய 130 யூனிட். இது பெரிய எண்ணாகத் தெரியாது. ஆனால் நம் கட்டணத்தில் யூனிட்டுகள் எல்லாம் ஒரே விலை கிடையாது.

2022 செப்டம்பரில் வந்த கட்டண முறையை எடுத்துக்கொள்வோம். அதற்குப் பிறகு விலை ஏறியிருக்கிறது. அந்த முறையில் முதல் 100 யூனிட் இலவசம். மொத்தம் 500 யூனிட்டுக்குள் இருந்தால் அடுத்த 100 யூனிட் 2 ரூபாய் 25 காசு, பிறகு 400 வரை 4 ரூபாய் 50 காசு, 500 வரை 6 ரூபாய். 500-ஐத் தாண்டிவிட்டால் அந்த 2 ரூபாய் 25 காசுப் படியே காணாமல் போய், அதுவும் 4 ரூபாய் 50 காசு ஆகிவிடும். மேலே 600 வரை 8 ரூபாய், 800 வரை 9 ரூபாய். இப்போது 630 யூனிட் ஓடுகிற வீட்டின் பில்லைப் போட்டால் 3,020 ரூபாய். அதே வீட்டில் 130 யூனிட் குறைந்து 500-ல் நின்றால் 1,725 ரூபாய். மிச்சம் 1,295 ரூபாய். அதாவது மிச்சமான ஒவ்வொரு யூனிட்டும் ஏறக்குறைய 10 ரூபாய். கட்டண அட்டவணையில் அந்த இடத்தில் 10 ரூபாய் என்று எங்கும் எழுதியிருக்காது. ஆனால் படி தாண்டுகிற வீட்டுக்கு அதுதான் விலை.

ஒரு ஃபேனுக்கு நான் அதிகமாகக் கொடுத்தது 1,400 ரூபாய், நாலுக்கு 5,600. கோடை பில்கள் நாலைந்தில் குடியிருப்பவருக்கு அது திரும்பிவிடும். எனக்குத் திரும்பவில்லை, அது வேறு விஷயம், அதற்கு வருகிறேன்.

கூரையின் பலனை இப்படி எண்ணில் பிரித்துச் சொல்ல என்னிடம் கருவி இல்லை. கையை வைத்துப் பார்த்த அனுபவம் மட்டும்தான். பழைய வீட்டில் மே மாதம் சாயங்காலம் ஆறு மணிக்கு மாடிப் போர்ஷனின் உள்கூரையைத் தொட்டால் சுடும். இரவு பத்து மணிக்கும் ஃபேன் அனல் காற்றைத்தான் கீழே தள்ளும். மொட்டை மாடிக்குக் கீழே இருக்கிற வீடு என்றாலே வாடகையில் ஐநூறு, ஆயிரம் குறைத்துக் கேட்பார்கள். கேட்பது நியாயம்தான். புதுக் கட்டடத்தில் இரண்டாவது மாடிக்கும் முதல் மாடிக்கும் நான் ஒரே வாடகை வாங்குகிறேன், இதுவரை யாரும் குறைத்துக் கேட்கவில்லை. கூரைக்குப் போட்ட 95,000 ரூபாயில் என் பக்கத்துக்கு நேரடியாக வந்த பலன் இதுதான். இரண்டு வீட்டுக்கு மாதம் ஆயிரம், வருடத்துக்குப் பன்னிரண்டாயிரம் என்று வைத்துக்கொள்ளலாம். தெலங்கானாவில் 2023-ல் குளிர் கூரைக்கென்றே ஒரு மாநிலக் கொள்கை கொண்டுவந்தார்கள். தமிழ்நாட்டின் வாடகை வீடுகளில் எத்தனையோ பேர் கடைசி மாடி வெப்பத்தில் தூங்காமல் கிடக்கும்போது, இங்கும் அது எவ்வளவு பெரிய உதவியாக இருக்கும் என்று நினைக்காத கோடை இல்லை.

அப்புறம் தண்ணீர். தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு 2003-லேயே எல்லா வீட்டுக்கும் கட்டாயமாகிவிட்டது. நடைமுறையில் பல வீடுகளில் அது சுவரோரம் ஒரு குழாயும் ஒரு குழியுமாக நின்றுபோய், குழிக்குள் மண் மூடிக் கிடக்கிறது. எங்கள் பழைய வீட்டிலும் அப்படித்தான் இருந்தது, என் தவறுதான். சென்னையில் வருடத்துக்குச் சராசரியாக 1,400 மில்லிமீட்டர் மழை. எங்கள் மொட்டை மாடி 1,500 சதுர அடி, அதாவது 139 சதுர மீட்டர். ஒரு வருடத்தில் அந்தக் கூரை மேல் மட்டும் 1,95,000 லிட்டர் விழுகிறது. ஐந்தில் நாலு பங்கு பிடித்தாலும் 1,56,000 லிட்டர், அதாவது பதின்மூன்று லாரி. 2019-ல் நான் வாங்கியது ஒன்பது லாரி! தண்ணீரில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பருக்குள் வந்துவிடுகிறது, சம்பில் அவ்வளவு பிடிக்க முடியாது என்பது உண்மை. அதற்காகத்தான் உறைகிணறு. சம்பு நிரம்பியதும் மிச்சம் பூமிக்குள் போகிறது.

வீட்டுக்கு வீடு தண்ணீர் மீட்டர் வைப்பதை என் தங்கை வேண்டாம் என்றாள். "அக்கா, குடியிருக்கிறவங்க தப்பா நினைப்பாங்க, தண்ணிக்குக் கூடக் கணக்குப் பாக்குறாங்கன்னு." நான் தண்ணீருக்குத் தனியாகக் காசு வாங்குவதில்லை, பராமரிப்புக்கு எல்லா வீட்டுக்கும் ஒரே தொகைதான். மீட்டர் ரீடிங்கை மாதாமாதம் எழுதிப் படிக்கட்டுக்குக் கீழே ஒட்டுவேன், அவ்வளவுதான். மூன்றாவது மாதம் ஒரு வீட்டின் ரீடிங் மற்றவற்றைப்போல இரண்டு மடங்காக இருந்தது. பார்த்தால் கழிவறைத் தொட்டியில் சத்தமில்லாமல் ஒழுகிக்கொண்டிருக்கிறது. எண்பது ரூபாய் வாஷரில் முடிந்தது. மீட்டர் இல்லையென்றால் அது அடுத்த கோடை வரை ஒழுகியிருக்கும்.

சரி, முக்கியமான இடத்துக்கு வருகிறேன். மேஸ்திரியின் கேள்வி: எனக்கு என்ன வந்தது?

வாடகையாக அதிகம் வரவில்லை. முதல் வருடம் தெருவில் எல்லாரும் வாங்குகிற 18,000 ரூபாய்தான் நானும் வாங்கினேன். 19,000 கேட்டுப் பார்த்தேன், வந்தவர்கள் போய்விட்டார்கள். புதுக் கட்டடம், காட்டுவதற்குப் பழைய பில் ஒன்றுகூட இல்லை. வாய்வார்த்தையை நம்பி யார் மாதம் ஆயிரம் அதிகம் தருவார்கள்?

பலன் வந்தது வேறு பக்கத்தில். பழைய வீட்டில் இரண்டு போர்ஷன், 2014 முதல் 2019 வரை ஆறு வருடம், மொத்தம் 144 வீட்டு-மாதங்கள். அதில் 20 மாதம் காலி. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு சில மாதம், 2019 தண்ணீர்ப் பஞ்சத்தில் சில மாதம், மற்றது கோடையில் வெப்பம் தாங்காமல் காலி செய்தவர்களுக்கும் அடுத்து வந்தவர்களுக்கும் இடைப்பட்ட மாதங்கள். புதுக் கட்டடத்தில் நாலு வீடு, 2023 ஜனவரி முதல் 2025 டிசம்பர் வரை மூன்று வருடம், அதே 144 வீட்டு-மாதங்கள். காலியாக இருந்தது மூன்றே மாதம். வித்தியாசம் 17 மாதம். 18,000 வீதம் 3,06,000 ரூபாய்.

இது முழுவதும் பசுமை வேலையின் பலன் என்று எழுதினால் நான் கணக்கு எழுதவே லாயக்கில்லாதவள் ஆவேன். புது வீடு என்றாலே கேட்டு வருவார்கள். இந்த மூன்று வருடத்தில் 2019 மாதிரிப் பஞ்சமும் வரவில்லை. அதனால் பாதியைப் புதுக் கட்டடத்தின் பேரில் எழுதிவிட்டு மீதிப் பாதியை மட்டும் இந்தப் பக்கம் வைத்தேன். வருடத்துக்கு 51,000 ரூபாய். போட்ட 3,10,400 ரூபாய் ஆறு வருடத்தில் திரும்பிவிடும். கூரைக்கான அந்தப் பன்னிரண்டாயிரத்தையும், தப்பித்த புரோக்கர் காசையும், வெள்ளையடிப்பையும் நான் இதில் சேர்க்கவே இல்லை.

நான் நோட்டில் கண்டதை ஒத்த ஒன்றைப் பெரிய அளவில் கண்டவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்க அலுவலகக் கட்டடங்களை வைத்து பீட் ஐக்ஹோல்ட்ஸ், நில்ஸ் கோக், ஜான் குவிக்லி என்ற மூன்று பொருளாதார அறிஞர்கள் 2010-ல் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையில் இன்றுவரை எடுத்துச் சொல்லப்படுகிறது. பசுமைத் தரம் பெற்ற கட்டடங்களின் வாடகை, பக்கத்திலுள்ள ஒத்த கட்டடங்களைவிடச் சுமார் 3 சதவீதம் அதிகம். காலி இடத்தையும் கணக்கில் எடுத்து, உண்மையில் கைக்கு வந்த வாடகையைப் பார்த்தால் 6 சதவீதத்துக்கும் மேல். விற்பனை விலையில் சுமார் 16 சதவீதம். முதல் இரண்டு எண்ணுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியைப் பாருங்கள். பாதி லாபம் காலியாகக் கிடக்காமல் இருந்ததால் வந்தது. அதே ஆய்வில் இன்னொன்றும் உண்டு. மின் பயன்பாட்டை வைத்துத் தரும் எனர்ஜி ஸ்டார் முத்திரைக்கு வாடகையில் பலன் தெளிவாகத் தெரிந்தது. பல அம்சங்களுக்குப் புள்ளி போட்டுத் தரும் லீட் சான்றிதழுக்கு அப்படித் தெளிவாகத் தெரியவில்லை. அலுவலகத்துக்கும் வீட்டுக்கும் வேறுபாடு நிறைய. ஆனாலும் குடிவருகிறவர் மதிப்பது பில்லில் தெரிகிற மிச்சத்தை என்பது எனக்கு முழுக்கப் பொருந்தியது.

அப்படியானால் சான்றிதழே வேண்டாமா? நாலு வீட்டுக்காரருக்கு வேண்டாம் என்பேன். ஒரு மாநகராட்சி வட்டம் அளவு பெரிய வளாகம் கட்டுகிறவருக்குக் கண்டிப்பாக வேண்டும். சான்றிதழ் என்பது கட்டடத்தை நேரில் தொட்டுப் பார்க்க முடியாதவருக்காக இருக்கிறது. வங்கி, முதலீட்டாளர், மொத்தமாகக் குத்தகை எடுக்கும் நிறுவனம், நாளைக்கு வாங்கப் போகிறவர். அமெரிக்காவில் கடன் கொடுப்பவர்களிடமிருந்து வீட்டுக் கடன்களை வாங்கும் ஃபேனி மே நிறுவனம், வாடகைக் குடியிருப்பு வளாகங்களுக்குப் பசுமைக் கடன் என்று ஒரு வகையைப் பல வருடம் வைத்திருந்தது. அங்கீகரிக்கப்பட்ட சான்றிதழ் இருந்தால், அல்லது மின்சாரமும் தண்ணீரும் இவ்வளவு குறைப்பேன் என்று ஒப்புக்கொண்டால், வட்டி குறைந்தது. பல பத்துக் கோடி ரூபாய்க் கடனில் வட்டி கால் சதவீதம் குறைந்தால் சான்றிதழ்ச் செலவு முதல் வருடத்திலேயே வந்துவிடும். நூறு வீட்டுக்கும் நாலு வீட்டுக்கும் ஆலோசகர் செய்கிற வேலை பெரிதாக மாறாது, அதைச் சுமக்கிற தோள்கள்தான் மாறுகின்றன.

இதில் எனக்கு மிகவும் நம்பிக்கை தருவது தொழிலாளர் விடுதிகள். 2024 ஆகஸ்டில் ஸ்ரீபெரும்புதூர் அருகே வல்லம் வடகாலில் சிப்காட் கட்டிய குடியிருப்பு வளாகம் திறக்கப்பட்டது. 706 கோடி ரூபாய்க்கு மேல் செலவு, 18,720 பெண்கள் தங்கலாம். இந்த மாதிரி விடுதியில் படுக்கைக்கு இவ்வளவு என்றுதான் கணக்கு. தங்கியிருக்கும் பெண்ணுக்குத் தனி மீட்டர் கிடையாது. கரண்டும் தண்ணீரும் நடத்துகிறவரின் செலவு. மேஸ்திரி கேட்ட கேள்விக்கே அங்கே இடமில்லை. செலவழிக்கிற கையும் மிச்சம் பிடிக்கிற கையும் ஒன்றாகிவிடுகின்றன. ஆயிரக்கணக்கான ஃபேன் ஓடுகிற இடத்தில் ஒவ்வொன்றுக்கும் 45 வாட் என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள். ஓரகடம், ஓசூர், கோவைப் பக்கம் இன்னும் எத்தனையோ விடுதிகள் வரப்போகின்றன. பசுமை வாடகை வீட்டை உண்மையாகவே பெரிய அளவில் கொண்டுவர முடிகிற இடம் அதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

என்னைப் போன்றவர்களுக்கு வரியிலும் உதவி இல்லை. வாடகை வருமானத்தில் பராமரிப்புக்கென்று 30 சதவீதத்தை மொத்தமாகக் கழித்துவிடுகிறார்கள். கூரைக்கு டைல்ஸ் போட்டாலும் போடாவிட்டாலும் அதே 30. ஒன்றுமே செய்யாதவருக்கும் செலவழித்தவருக்கும் ஒரே கழிவு என்பது எனக்கு நெடுநாள் ஆதங்கம்.

சோலாரைப் பற்றிக் கேட்பார்கள் என்பதற்காக ஒரு வார்த்தை. 2024-ல் பிரதமரின் சூரிய வீடு திட்டம் வந்த பிறகு எங்கள் சொந்த இணைப்புக்கு 3 கிலோவாட் போட்டேன். 1,95,000 ரூபாயில் 78,000 மானியம். என் வீட்டு பில் ஏறக்குறைய மறைந்துவிட்டது. ஆனால் அது என் சொந்த வீட்டுக் கணக்கு, வாடகைக் கணக்கில் சேராது. மோட்டாருக்கும் படிக்கட்டு விளக்குக்குமான பொது மீட்டருக்கு இன்னொன்று போடலாமா என்று யோசித்தேன். 2022-க்குப் பிறகு அந்த மீட்டருக்கு யூனிட் 8 ரூபாய் ஆகியிருந்தது. 2023 இறுதியில், பத்து வீட்டுக்குள், மூன்று மாடிக்குள், லிஃப்ட் இல்லாத கட்டடங்களுக்கு 5 ரூபாய் 50 காசாகக் குறைத்தார்கள். எங்கள் கட்டடம் அதில் வருகிறது. அதனால் யோசனையைத் தள்ளிவைத்தேன்.

இரண்டாவது வருடம்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. முதல் மாடியில் ஒரு வீடு காலியானபோது, போகிறவர்களிடம் கேட்டு, அவர்களுடைய ஒரு வருடக் கரண்ட் பில்லின் நகலை வாங்கி வைத்தேன். இரண்டு மாதத்துக்கு ஒன்று, ஆக ஆறு பில். பெயரை மறைத்து, ஒரு கோப்பில் போட்டு, வீடு பார்க்க வந்தவர்களிடம் சாவியோடு அதையும் கொடுத்தேன். பெருங்குடியில் வேலை பார்க்கிற ஒரு தம்பதி வந்தார்கள். அந்தப் பெண் மே-ஜூன் பில்லைப் பார்த்துவிட்டுத் தன் செல்போனை எடுத்துத் தங்கள் பழைய வீட்டு பில்லை என்னிடம் காட்டினாள். 4,100 ரூபாய். என் கோப்பில் இருந்தது 2,050. கணவனைப் பார்த்து, "ஏசி இங்கேயும் ஒண்ணுதானே?" என்றாள். ஒன்றுதான். அவர்கள் 18,700 ரூபாய்க்குச் சம்மதித்து வந்தார்கள். அதன் பிறகு ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது மற்ற வீட்டுக்காரர்களிடமும் பில்லை மேசையில் வைத்துத்தான் பேசினேன். மிச்சத்தில் பாதி உங்களுக்கு, பாதி எனக்கு என்று சொன்னால் யாரும் முகம் சுளிக்கவில்லை. எண் கண்ணெதிரே இருக்கிறது.

வாடகை ஒப்பந்தம் எழுதும்போது முந்தைய ஆறு கரண்ட் பில்லை இணைக்க வேண்டும் என்று ஒரே ஒரு வரியை நம் வாடகைச் சட்டத்தில் சேர்த்தால் போதும் என்று எனக்குத் தோன்றுகிறது. வாரியத்திடம் எல்லா இணைப்பின் விவரமும் ஏற்கெனவே இருக்கிறது. ஆலோசகர் வேண்டாம், ஆய்வு வேண்டாம், கட்டணம் வேண்டாம். முன்பு இருந்த குடும்பத்தில் எத்தனை பேர், ஏசி எத்தனை என்று பக்கத்தில் எழுதிவிட்டால் பார்க்கிறவருக்கு விவரம் புரியும். வேகிற கூரைக்குக் கீழே இருக்கிற வீடு தானாக விலை குறையும். அப்போது என் பக்கத்துத் தெரு ஹவுஸ் ஓனரும் மேஸ்திரியிடம் கூலிங் டைல்ஸ் என்ன விலை என்று கேட்பார்.

இந்தப் பிப்ரவரியில் இரண்டாவது மாடியில் ஒரு வீடு காலியாயிற்று. நான்காவது நாள் ஒரு பெண் அவளுடைய அம்மாவோடு பார்க்க வந்தாள். கோப்பை நின்றுகொண்டே புரட்டினாள், ஆறு பில்லையும் செல்போனில் படம் எடுத்தாள். அம்மா மேற்குப் பக்கத்து அறைக்குள் போய்ச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் நாலரை மணி. "தண்ணி ரீடிங்கும் இருக்குமா ஆன்ட்டி?" என்று அந்தப் பெண் கேட்டாள். கீழே ஒட்டியிருந்த தாளைக் கிழித்துக்கொண்டு வர நான் படியிறங்கினேன்.